ஒரு பவுண்டு தானியம்: பஞ்சத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

இந்த வார எபிசோடுக்கு ஒரு கேள்விதான் காரணம். பள்ளியில் வரலாறு எடுக்கும் ஒரு தோழி கேட்டார்: "பஞ்சம்னு ஒரு பாடம் வருது. பத்து நிமிஷத்துல முடிச்சிடலாம், மூணு நாளும் எடுக்கலாம். மூணு நாள் எடுத்தா என்ன சொல்றது?"

நாம எல்லாருமே இதைப் படிச்சிருக்கோம். பரீட்சைக்கு எழுதின விடையும் ஞாபகம் இருக்கும். மழை பொய்த்தது, பயிர் கருகியது, பஞ்சம் வந்தது, லட்சக்கணக்கானோர் மடிந்தனர். இரண்டு மதிப்பெண். அந்த விடையில் ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை. ஆனால் "மழை பொய்த்தது" என்பதற்கும் "மடிந்தனர்" என்பதற்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் இருக்கு. அந்த ஒன்றரை வருஷத்தில் யார் என்ன செய்தார்கள்? பாடம் அங்கேதான் இருக்கு என்பது என் கருத்து. அதை நம்ம ஊர்ப் பஞ்சத்தை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

சென்னையில் பறக்கும் ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்திருப்பீங்க. சேப்பாக்கத்திலிருந்து கிரீன்வேஸ் ரோடு வரைக்கும் ரயில் பாதையை ஒட்டியே கறுப்பாக ஒரு தண்ணீர் வரும். மூக்கைப் பொத்திக்கொள்வோம். அதுதான் பக்கிங்காம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்த எட்டு கிலோமீட்டர் துண்டு 1877-78ல் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பஞ்சத்தில் பிழைக்க வந்த ஜனங்கள். பஞ்ச நிவாரண வேலை என்ற பெயரில், கூலிக்கு மண் சுமந்தார்கள். அப்போது மதராஸ் கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வந்தது. மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

அந்தப் பஞ்சத்துக்கு நம்ம தாத்தா பாட்டிகளின் தாத்தா பாட்டிகள் வைத்த பெயர் தாது வருஷப் பஞ்சம். 1876 ஏப்ரலில் தொடங்கிய தமிழ் வருஷம் தாது. அந்த வருஷம் பருவமழை தவறியது. பசிபிக் பெருங்கடல் சூடாகும் எல் நினோ அந்த ஆண்டுகளில் மிகக் கடுமையாக இருந்தது என்று இன்றைக்கு அறிவியலாளர்கள் சொல்கிறார்கள். ஆகவே மழை பொய்த்தது உண்மை. மதராஸ், மைசூர், பம்பாய், ஐதராபாத் எல்லாம் அடிவாங்கின. 1878 வரை நீடித்தது. இறந்தவர்கள் எத்தனை பேர்? குறைந்த மதிப்பீடே 50 லட்சத்துக்கு மேல். 80 லட்சம் வரை சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

இந்த எண்ணை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். 50 லட்சம் என்பது யாருக்கும் கண்ணில் வராது. அதற்குப் பதிலாக ஒரு மாவட்டத்தைக் காட்டலாம். சேலம் மாவட்டத்தில் 1871 கணக்கெடுப்பின்போது சுமார் 19.7 லட்சம் பேர். 1881ல் சுமார் 16 லட்சம். பத்து வருஷத்தில் ஜனத்தொகை ஏறணும். இங்கே ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைஞ்சிருக்கு. 40 பேர் இருக்கும் வகுப்பில் ஏழெட்டுப் பேரை எழுந்து வெளியே போகச் சொல்லுங்க. அந்தக் காலி பெஞ்சைப் பார்த்த பிறகு விளக்கம் தேவைப்படாது. போனவர்கள் எல்லாரும் செத்தவர்கள் இல்லை. இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் கப்பல் ஏறியவர்களும் அதில் இருக்கிறார்கள். அது தனி எபிசோடு.

அடுத்த கேள்வி, யார் செத்தார்கள்? எல்லாரும் இல்லை. மிராசுதார் சாகவில்லை, தானிய வியாபாரி சாகவில்லை, கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா பெரும்பாலும் சாகவில்லை. நிலமில்லாத விவசாயக் கூலிகள், கைவினைத் தொழிலாளர்கள், ஊருக்கு வெளியே சேரிகளில் இருந்தவர்கள் முதலில் விழுந்தார்கள்.

இங்கே ஒரு நெசவாளியை எடுத்துக்கொள்ளுங்க. அவருக்கும் மழைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. தறி வீட்டுக்குள்ளே இருக்கு. ஆனால் அரிசி விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறும்போது ஊரில் யாரும் புதுச்சேலை வாங்க மாட்டார்கள். துணி விற்காது, காசு வராது. கடையில் அரிசி மூட்டை மூட்டையாக இருந்தாலும் அவருக்கு அது இல்லாத அரிசிதான். விவசாயக் கூலிக்கும் அதே கதை. விதைப்பு இல்லை, அதனால் வேலை இல்லை, அதனால் கூலி இல்லை. விளைச்சல் குறைந்தது ஒரு காரணம். வாங்கும் சக்தி போனது இன்னொரு காரணம். ஆளைக் கொன்றது பெரும்பாலும் இந்த இரண்டாவது.

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் இதை 1981ல் ஒரு புத்தகமாக எழுதினார். 1943 வங்கப் பஞ்சத்தை அவர் ஒன்பது வயசுப் பையனாகக் கண்ணால் பார்த்தவர். பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, பஞ்சம் வந்த 1943ல் வங்காளத்தில் இருந்த உணவு, பஞ்சமே இல்லாத 1941ஐ விட அதிகம் என்று காட்டினார். அந்தக் கணக்கோடு சண்டை போடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்காங்க. ஆனால் அவர் கேட்ட கேள்வியை யாராலும் ஒதுக்க முடியவில்லை: உணவு இருந்ததா என்று கேட்டால் போதாது, அது யார் கைக்குப் போகும் நிலை இருந்தது?

பெரிய தியரி மாதிரி தெரியுதா? நம்ம பாட்டிகளுக்கு இது தெரியும். நல்லதங்காள் கதை கேட்டிருப்பீங்க. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி சோறு போட மறுக்கிறாள். கடைசியில் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளி அவளும் குதிக்கிறாள். காலம் காலமாக நாம் அண்ணியைத் திட்டிக்கொண்டே இருக்கிறோம். கதையை இன்னொரு தடவை கேளுங்க. அந்த வீட்டில் தானியம் இருக்கு! ஊரே காய்ந்து கிடக்கும்போதும் ஒரு வீட்டில் பானை நிறைந்திருக்கு, அதைத் திறக்கும் அதிகாரம் ஒருத்தி கையில் இருக்கு. பாடநூல் விட்ட இடத்தைக் கும்மிப்பாட்டும் கூத்தும் பிடித்து வைத்திருக்கு. ஒரு வகுப்பை இந்தக் கதையிலேயே தொடங்கலாம் என்று தோழியிடம் சொன்னேன்.

சரி, தாது வருஷத்தில் அந்தப் பானை யார் கையில் இருந்தது? இங்கே ஒரு ஆளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசணும். பெயர் ரிச்சர்ட் டெம்பிள்.

கதை மதராஸில் தொடங்கவில்லை. 1873-74ல் பீகாரில் மழை தவறியது. அப்போது வைஸ்ராய் நார்த்புரூக். வங்காள நிர்வாகத்தில் நிவாரணத்துக்குப் பொறுப்பு டெம்பிள். அவர்கள் பர்மாவிலிருந்து ஐந்து லட்சம் டன்னுக்குக் கொஞ்சம் குறைவான அரிசியை இறக்கினார்கள். வேலை கொடுத்தார்கள், வேலை செய்ய முடியாதவர்களுக்கு உணவு கொடுத்தார்கள். பட்டினிச் சாவு கிட்டத்தட்ட இல்லாமலே அந்தப் பஞ்சம் கடந்து போனது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலம் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒன்று கிடைப்பது அபூர்வம்.

டெம்பிளுக்குப் பாராட்டு விழா நடந்திருக்கும்னு நினைப்பீங்க. நடந்தது வசைதான். ஊதாரித்தனம் என்றார்கள். லண்டன் எகனாமிஸ்ட் பத்திரிகை கண்டித்தது. தங்களை உயிரோடு வைத்திருப்பது அரசாங்கத்தின் கடமை என்று இந்தியர்கள் நினைக்கப் பழகிவிடுவார்கள் என்பதுதான் அங்கே பயம். மனிதரின் பெயர் கெட்டது. பதவி உயர்வு ஆட்டம் கண்டது.

அடுத்து வந்த வைஸ்ராய் லிட்டன். தானியச் சந்தையில் அரசு தலையிடவே கூடாது என்ற கொள்கையில் உறுதியாக இருந்தவர். ஆப்கானிஸ்தான் பக்கம் ஒரு போருக்கும் யோசனை ஓடிக்கொண்டிருந்தது, அதற்குப் பணம் வேணும். 1876 கடைசியில் மதராஸ் அரசு ஒரு வியாபார நிறுவனம் மூலமாகச் சத்தமில்லாமல் 30,000 டன் தானியம் வாங்க ஏற்பாடு செய்தது. அது லிட்டனுக்குப் பிடிக்கவில்லை, இனி வாங்கக்கூடாது என்று நிறுத்தினார். 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில் பெரிய தர்பார், விக்டோரியா இந்தியாவின் மகாராணி என்று அறிவிப்பு, ஒரு வாரம் விருந்து. அதே மாதம் லிட்டன் ஒருவரைத் தென்னிந்தியாவுக்கு அனுப்பினார், செலவைக் கட்டுப்படுத்த. யாரை? டெம்பிளைத்தான்.

பீகாரில் கெட்ட பெயரைத் துடைக்க அவருக்கு ஒரு வாய்ப்பு. துடைத்தார்.

நிவாரண வேலைக்கு வந்தவர்களில் லட்சக்கணக்கானோர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். வேலை வேண்டுமானால் வீட்டிலிருந்து பத்து மைல் தள்ளியிருக்கும் முகாமுக்கு வரணும் என்ற சோதனை வந்தது. உண்மையிலேயே பசிக்கிறவன்தானே அவ்வளவு தூரம் நடந்து வருவான், அதுதான் தர்க்கம். ஏற்கெனவே பட்டினி கிடக்கும் உடம்பு எத்தனை மைல் தாங்கும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. அப்புறம் கூலி. நாள் முழுக்க மண் வெட்டும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், மேல்செலவுக்குக் கொஞ்சம் சில்லறை. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. வரலாற்றில் இதற்கு 'டெம்பிள் கூலி' என்றே பெயர்.

ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். வகுப்புக்கு ஒரு தராசையும் கொஞ்சம் அரிசியையும் கொண்டு போங்க. 450 கிராம் நிறுத்து மேசையில் கொட்டினால் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் தெரியுமா? "இவ்வளவா! இது ஜாஸ்திதானே!" என்பார்கள். நம்ம வீட்டில் ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு நூறு கிராம் போட்டாலே தாராளம். அவங்க அப்படிச் சொல்லட்டும், அது நல்ல இடம். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்க: குழம்பு இல்லை, பருப்பு இல்லை, எண்ணெய் இல்லை, பால், மோர் எதுவும் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை கடப்பாரை. இந்த 450 கிராமில் வருவது 1,600 கலோரி சொச்சம். கடுமையான உடல் உழைப்புக்கு 3,000க்கு மேல் வேணும். மீதியை உடம்பு எங்கிருந்து எடுக்கும்? தன்னிடமிருந்தே எடுக்கும். கணக்கு ஆசிரியரையும் உயிரியல் ஆசிரியரையும் இந்தப் பாடத்துக்குள் இழுத்துவிடலாம். வரலாற்றாசிரியர் மைக் டேவிஸ் இந்தக் கூலியை நாஜிகளின் புகன்வால்ட் வதைமுகாமில் கொடுத்த உணவோடு ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டிருக்கிறார். முகாம் உணவு 1,750 கலோரி. அதைப் படித்த அன்று எனக்கு ராத்திரிச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

இதை அந்தக் காலத்து ஆட்கள் எல்லாரும் ஏற்றுக்கொண்டார்களா? இதையும் சேர்த்துச் சொல்லணும். இல்லாவிட்டால் 'அப்போ எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க' என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள். மதராஸ் அரசின் சுகாதார ஆணையர் கார்னிஷ், ஒரு டாக்டர், இந்த அளவில் உழைக்கும் மனிதன் உயிர் வாழ முடியாது என்று எழுத்து மூலமாகவே டெம்பிளோடு மோதினார். பருப்பும் காய்கறியும் சேர்த்து, தானியமும் ஏற்றித் தரணும் என்றார். சில மாதங்களில் மதராஸில் கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது, பருப்பும் சேர்ந்தது. அதற்குள் பலருக்குக் காலம் கடந்துவிட்டது. மதராஸ் டைம்ஸ் ஆசிரியர் வில்லியம் டிக்பி நிவாரண நிதிக்குழுவில் வேலை செய்துகொண்டே ஆவணங்களைச் சேர்த்து 1878ல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். இன்றைக்கு நமக்கு இந்த விவரங்கள் கிடைப்பதில் பெரும்பங்கு அவருடையது.

வெள்ளைக்கார நல்லவர் எதிர் வெள்ளைக்காரக் கெட்டவர் என்று கதை முடிந்துவிடக் கூடாது. பம்பாய் மாகாணத்தில் இதே கூலிக் குறைப்பு வந்தபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் முகாமை விட்டு வெளியேறினார்கள். பஞ்சத்தில் வேலைநிறுத்தம்! பூனா சார்வஜனிக் சபா அவர்களுக்காக அரசுக்கு மனு மேல் மனு எழுதியது. பட்டினி கிடந்தவர்களும் இந்தக் கூலி தப்பு என்று காலால் நடந்து காட்டினார்கள். பஞ்சம் என்றாலே கையேந்தி நிற்கும் ஜனம் என்ற படம்தான் மனசில் வருது, இல்லையா? அதை உடைக்க இது உதவும்.

படம் என்றதும் இன்னொன்று. கூகுளில் மதராஸ் பஞ்சம் என்று போட்டால் முதலில் வருவது எலும்பும் தோலுமான மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் படங்கள். பல இடங்களில் 1943 வங்கப் பஞ்சம் என்று தப்பாகத் தலைப்புப் போட்டு ஓடிக்கொண்டிருக்கும். எடுத்தவர் டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர், ராணுவ அதிகாரி. நிற்க வைத்து, உட்கார வைத்து, குடும்பம் குடும்பமாக அடுக்கி எடுத்த படங்கள். இதே ஹூப்பர் பிற்பாடு 1886ல் பர்மாவில், கைதிகளைச் சுடும் நொடியைப் படம் பிடிப்பதற்காகத் தண்டனையைத் தாமதப்படுத்தினார் என்று விசாரணைக்கு ஆளானவர். இந்தப் படங்களை வகுப்பில் காட்டலாமா? பதினைந்து படத்தை ஸ்லைடு போட்டால் பிள்ளைகள் அழுவார்கள், இல்லை சிரிப்பார்கள், அப்புறம் ஒன்றும் மிஞ்சாது. நான் ஒன்றே ஒன்று காட்டுவேன், அதுவும் கடைசி நாளில். காட்டிவிட்டு, "கேமராவுக்கு இந்தப் பக்கம் யார் நிற்கிறாங்க, அவர் மத்தியானம் என்ன சாப்பிட்டிருப்பார்" என்று கேட்பேன்.

ரயிலைப் பற்றி ஒரு வரி. ரயில் வந்தால் பஞ்சம் ஒழியும் என்று அரசு நம்பியது. மதராஸிலிருந்து உள்மாவட்டங்களுக்குத் தானியம் ரயிலில் போனதும் உண்மை. ஆனால் ரயில் காசு இருக்கும் இடத்துக்குத்தான் மூட்டையைக் கொண்டு போகும், தந்தி விலையேற்றத்தைச் சில நிமிஷத்தில் ஊர் ஊராகச் சொல்லிவிடும். 1877, 78 இரண்டு வருஷத்தில் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் கோதுமை ஏற்றுமதி ஆனது. நியாயமாகச் சொல்லணும்னா அது வடநாட்டுக் கோதுமை, சேலத்துக்காரர் சாப்பிடுவது கேழ்வரகு. ஆனாலும் தானியத்துக்குக் கப்பல் இருந்தது, பாதை இருந்தது என்பதற்கு அது சாட்சி.

இதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு என்ன? இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுத்தான் போகணும். பஞ்சமும் பசியும் ஒன்றல்ல. ஐ.நா. கணக்கின்படி 2024ல் உலகத்தில் சுமார் 67 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள், பன்னிரண்டு பேரில் ஒருவர். அவர்களில் பெரும்பாலோர் பஞ்சத்தில் இல்லை. தினம் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டு, செய்தியில் வராமல் வாழ்கிறார்கள். இந்தியாவில் சுதந்திரத்துக்குப் பிறகு 1877 போன்ற பஞ்சம் வரவில்லை. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயசுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பஞ்சத்தைத் தடுக்கத் தெரிந்த நாட்டுக்கு இந்த அமைதியான பசி இன்னும் பிடிபடவில்லை.

பஞ்சம் என்று அறிவிக்க இப்போது சர்வதேச அளவுகோல் இருக்கு. ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு உணவே இல்லாத நிலை, குழந்தைகளில் 30 சதவீதம் பேருக்குக் கடும் ஊட்டச்சத்துக் குறை, தினமும் பத்தாயிரத்துக்கு இரண்டு பேர் பசியாலும் அதோடு வரும் நோயாலும் சாவது. இந்தக் கோட்டைத் தாண்டியதாகச் சோமாலியாவில் 2011, தெற்கு சூடானில் 2017, சூடானின் ஜம்ஜம் அகதி முகாமில் 2024, காசா நகரில் 2025 என்று அறிவிப்புகள் வந்தன. சோமாலியாவில் வறட்சியும் இருந்தது. மற்ற இடங்களில் போரும் முற்றுகையும்தான் முன்னால் நிற்கின்றன. சோறு சில கிலோமீட்டர் தள்ளி லாரியில் நிற்கும், லாரிக்கு அனுமதி இருக்காது. மூளி அலங்காரி வீட்டுப் பானைதான்.

தாது வருஷத்துக்குப் பிறகு அரசு ஒரு பஞ்சக் கமிஷன் போட்டது. 1880ல் அறிக்கை. 1883ல் பஞ்ச விதித்தொகுப்பு ஒன்று வந்தது. அதில் எனக்குப் பிடித்த பகுதி, பஞ்சம் வரப்போகிறது என்பதை உள்ளூர் அதிகாரி எப்படி முன்கூட்டியே கண்டுபிடிக்கணும் என்ற குறிப்புகள். வானத்தைப் பார்த்தால் போதாது. தானிய விலை ஏறுதா, கடன் கிடைப்பது நின்றுபோச்சா, சின்னத் திருட்டுகள் கூடுதா, ஊர் விட்டு ஊர் அலையும் ஆட்கள் அதிகமாகத் தெரியறாங்களா, இதையெல்லாம் பார்க்கச் சொல்கிறது.

மூன்றாவது நாள் வீட்டுப்பாடமாக இதைக் கொடுக்கலாம் என்று தோழியிடம் சொன்னேன். உங்க தெருவுக்கு அப்படி ஒரு பட்டியல் போடுங்க: ஒரு குடும்பம் சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட ஆரம்பிச்சா, அது முதலில் எங்கே தெரியும்? மளிகைக் கடை அண்ணாச்சியின் கடன் நோட்டிலா, அடகுக் கடையிலா, பள்ளிக்கு வராத பிள்ளையின் பெயரிலா, மத்தியானச் சத்துணவில் இரண்டாவது தடவை தட்டை நீட்டுபவரிடமா? அவர் வகுப்பில் அதைச் செய்து பார்க்கப் போகிறார். இதைக் கேட்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் உங்கள் பட்டியலை எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம், கப்பல் ஏறி இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குப் போனவர்களின் கதை.